கடைசி மாதச் சம்பளம் எங்கே?

ஜவுளிக்கடை ஒன்றில் மூன்று வருடம் விற்பனைப் பிரிவில் இருந்தேன். போன மாதம் வேலையை விட்டுவிட்டேன். “உன் இடத்துக்கு ஆள் கிடைக்கட்டும், பார்க்கலாம்” என்று கடைசி மாதச் சம்பளத்தை முதலாளி இழுத்தடிக்கிறார். என்ன செய்வது? – வாசகி, ஈரோடு

ஆள் தேடுவது அவர் பாடு, சகோதரி. நீங்கள் கால்கடுக்க நின்ற மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும்.

இனி போனில் கெஞ்ச வேண்டாம், எழுதிக் கேளுங்கள். சேர்ந்த தேதி, விட்ட தேதி, வரவேண்டிய தொகை, ஏழு நாள் கெடு. ஒரு பக்கம் போதும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சம்பளச் சீட்டு கொடுத்ததே இல்லையா? கவலை வேண்டாம். பாஸ்புக்கில் மாதாமாதம் ஏறிய வரவு, கடை வாட்ஸ்அப் குழுவில் வந்த ஷிஃப்ட் தகவல், அடையாள அட்டை எல்லாம் சாட்சிதான். குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

கெடு தாண்டினால், கடித நகலோடு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். வக்கீல் கட்டாயமில்லை. மூன்று வருடம் வரை உரிமை கோரலாம். பாக்கியோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

இதற்கிடையே சமாதானம் பேசக் கூப்பிட்டால் போய் வாருங்கள். ஆனால் பணம் கணக்கில் ஏறும் முன், “எல்லாம் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிய தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.