கணக்கு வீட்டு எண்ணில் இல்லை, அடுப்பங்கரையில்

கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள கொச்சங்காடியில், செம்பிட்ட பள்ளிவாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு சந்துக்குள் என் சாச்சா வீடு. ஒரே ஓட்டுக்கூரை, ஒரே வீட்டு எண், உள்ளே இரண்டு குடும்பம். முன்கட்டில் சாச்சாவும் சாச்சியும். பின்கட்டில் கல்யாணமான மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். உலை தனித்தனி. மருமகள் கேஸ் இணைப்புக்கு மனுக் கொடுக்கப் போனாள். "இந்த வீட்டு நம்பர்ல ஏற்கெனவே கனெக்‌ஷன் இருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளும் நம்பிவிட்டாள். ஏழு மாதம் விறகடுப்பில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைத்தாள்.

மட்டாஞ்சேரியில் இப்படிப் பாகம் பிரித்து வாழும் வீடுகள் ஏராளம். காதில் விழுந்ததை விதி என்று எடுத்துக்கொண்டு, கிடைக்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். அப்படி நான் அங்கே கேட்டவற்றில் சிலவற்றை இங்கே சரிசெய்கிறேன்.

நம்பிக்கை: ஒரு வீட்டு எண்ணுக்கு ஒரு கேஸ் இணைப்புதான்.

உண்மை: சமையல் எரிவாயு வழங்கலை முறைப்படுத்தும் மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஆணையும் அதன் திருத்தங்களும் 'குடும்பம்' எது என்பதைத் தெளிவாகவே சொல்கின்றன. கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோர் பொதுவான ஓர் அடுப்பங்கரையோடு சேர்ந்து வாழ்ந்தால் அது ஒரு குடும்பம். அதற்கு ஓர் இணைப்பு. கல்யாணமாகித் தனி உலை வைத்த மகன் அந்தக் கணக்கில் வரமாட்டான். கூரை ஒன்றா, கதவு எண் ஒன்றா என்று விதி பார்க்கவில்லை. அடுப்பங்கரை எத்தனை என்றுதான் பார்க்கிறது.

ஆனால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு. தனி ரேஷன் கார்டு இருந்தால் பாதி வழக்கு அங்கேயே தீரும். கேரள அரசின் அக்ஷயா சேவை மையத்தில் மனுப் போட்டுக் கார்டைப் பிரித்துக்கொள்ளலாம். புதிதாக வரும் கார்டு பெரும்பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஏழைகளுக்கான மஞ்சளோ பிங்க்கோ தானாக வராது, முன்னுரிமைப் பட்டியலுக்குத் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாம் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஏழைகளுக்கான எந்தச் சலுகை கேட்டாலும் கார்டின் நிறத்தைக் காட்டி மறுக்கிறார்கள்.

நம்பிக்கை: முன்பு எல்லோருக்கும் கேஸ் மானியம் வந்தது. இப்போது எனக்கு மட்டும் வங்கியில் நின்றுவிட்டது.

உண்மை: உங்களுக்கு மட்டும் நிற்கவில்லை. 2020-இன் நடுப்பகுதியோடு பொது நுகர்வோருக்கான மானியம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் நின்றுபோனது. 2022 மே மாதம் மீண்டும் அறிவித்த சிலிண்டருக்கு 200 ரூபாய், ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கான உஜ்வலா திட்ட இணைப்புகளுக்கு மட்டுமே. 2023 அக்டோபரில் அது 300 ஆனது. 2025-26-இல் ஆண்டுக்கு 9 சிலிண்டர் வரை என்று வரம்பு வைத்தார்கள். இதற்கு நடுவில், 2023 ஆகஸ்ட் கடைசியில் எல்லோருக்கும் 200 ரூபாய் குறைத்தார்களே, அது விலைக்குறைப்பு. கணக்கில் வரும் பணமல்ல. அந்த 200 இன்னும் வரவில்லை என்று வங்கிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இதைச் சொல்ல ஒருவரும் இல்லாமல் போனது பெரிய குறை.

நம்பிக்கை: தமிழ்நாட்டிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர்களுக்கு உஜ்வலா கிடையாது.

உண்மை: 2021 ஆகஸ்டில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், பிழைப்புக்காக இடம்பெயர்ந்தவர்களை நினைத்தே வழி செய்தார்கள். உள்ளூர் ரேஷன் கார்டோ முகவரிச் சான்றோ இல்லாவிட்டால், முகவரியையும் குடும்ப விவரத்தையும் தாமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். ஏழைக் குடும்பத்துப் பெண்ணாக, 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் வேறு யார் பெயரிலும் இணைப்பு இருக்கக் கூடாது. ஊரில் மாமியார் பெயரில் ஒன்று இருந்தால் அதை மறைக்காதீர்கள். தனிக் குடும்பம் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: மஸ்டரிங் என்கிற ஆதார் சரிபார்ப்பை முடிக்காவிட்டால் சிலிண்டர் நின்றுவிடும்.

உண்மை: 2024 ஜூலையில் கேரளம் முழுவதும் முதியவர்கள் முகவர் கடைகளில் கால்கடுக்க நின்றார்கள். அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் வி.டி. சதீசன் அதுபற்றி மத்திய அமைச்சர் ஹர்தீப் சிங் பூரிக்குக் கடிதம் எழுதினார். கெடு எதுவும் இல்லை, சிலிண்டர் கொண்டுவருபவரே வீட்டில் வைத்துச் சரிபார்க்கலாம் என்று அமைச்சர் பதில் சொன்னார். மானியம் பெறுபவர்கள் ஆதார் சரிபார்ப்பைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் படுக்கையில் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போக வேண்டியதில்லை.

நம்பிக்கை: தமிழ்நாட்டைப் போல இங்கேயும் எல்லோருக்கும் 100 யூனிட் மின்சாரம் இலவசம் உண்டு, கேட்டால்தான் தருவார்கள்.

உண்மை: இல்லை. தமிழ்நாட்டில் 2016 மே முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். 2022-இல் ஆதார் இணைக்கச் சொன்னபோது அது பறிபோகும் என்று பரவியதும் வெறும் புரளிதான். கேரளத்தில் கணக்கே வேறு. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள வீட்டில் இணைப்புச் சுமை 1,000 வாட்டுக்குள், மாதச் செலவு 40 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 1.50 ரூபாய். அதே வகைக் குடும்பத்தில் புற்றுநோயாளியோ நிரந்தர ஊனமுற்றவரோ இருந்தால் 2,000 வாட், 100 யூனிட் வரை அதே விலை. இந்த இரண்டாவது சலுகை கொச்சங்காடியில் நான் கேட்ட யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வீட்டில் நோயாளி இருப்பவர்கள் மருத்துவச் சான்றோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். பழைய பதிவில் சுமை கூடுதலாகக் கிடக்கிறதா என்றும் அங்கேயே பாருங்கள்.

சாச்சியின் மருமகள் இரண்டாம் முறை போனபோது விதியை எழுதிக் கையில் எடுத்துப் போனாள். ஆள் வந்து இரண்டு அடுப்பங்கரையையும் பார்த்துவிட்டுப் போனார். இணைப்பு வந்துவிட்டது. உங்களையும் திருப்பி அனுப்பினால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், கேஸுக்கு 1800-233-3555, மின்சாரத்துக்கு 1912 என்ற எண்ணில் அன்றைக்கே புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.