லினக்ஸ் கணினியில் கோரல்டிரா



பை, லேபிள், விலை அட்டை முதலியவற்றைக் கடையிலேயே கோரல்டிராவில் அமைத்துக்கொள்வோர் நம்மில் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய கணினியைக் கழிக்காமல், இலவசமான லினக்ஸுக்கு மாறலாமா? மாறலாம். ஆனால் விண்டோஸுக்கான கோரல்டிரா அதில் நேராக ஓடாது. வழிகள் மூன்று.

1. ஒயின்: 1993-ல் தொடங்கிய இலவச மென்பொருள். கோரல்டிரா விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் துபாஷி இது. 2000-ல் கோரல் நிறுவனமே இதன் துணையுடன் கோரல்டிரா 9-ஐ லினக்ஸுக்கு வெளியிட்டது. ஆயினும் எல்லாப் பதிப்பும் ஓடும் என்ற உறுதி இல்லை.

2. மெய்நிகர் கணினி: லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸை நிறுவுவது. நம்பகமானது, ஆனால் விண்டோஸ் உரிமமும் கூடுதல் நினைவகமும் தேவை.

3. இங்க்ஸ்கேப்: 2003-ல் தோன்றிய இலவச வரைகலை மென்பொருள். கோரல்டிரா கோப்புகளைத் திறக்கும். எழுத்தும் அமைப்பும் பிசகக்கூடும்.

எச்சரிக்கை: பழைய தமிழ் எழுத்துருக்களையும் மறவாமல் நகலெடுங்கள். கோப்புகளைப் பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். எடையோ விலையோ தவறி அச்சானால் நட்டம் நமக்கே. ஒரு லேபிளை அச்சிட்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மாறுங்கள்.