கான் திரைப்பட விழாவும் பரிசின் பயனும்

கலைகளுள் வயதில் இளையது திரைக்கலை. அதன் தரத்தை ஆய்ந்து பரிசளிக்கும் விழாக்களுள், பிரான்சு நாட்டின் கடற்கரை நகரான கானில் ஆண்டுதோறும் நடைபெறும் விழா பெரும்புகழ் பெற்றது. அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறி, பரிசினால் விளையும் பயன் யாது என்பதை ஆராய விழைகிறேன்.

தோற்றம்

இத்தாலியின் வெனிசு நகரம் 1932-லேயே திரைப்பட விழாவைத் தொடங்கிவிட்டது. 1938-இல் அங்கு முசோலினி கோப்பை ஓர் இத்தாலியப் படத்துக்கும், இட்லர் ஆண்ட ஜெர்மனியின் 'ஒலிம்பியா'வுக்கும் அளிக்கப்பட்டது. நடுவர் தீர்ப்பில் அரசியல் புகுந்ததைக் கண்ட பிரான்சு, தனி விழா நடத்த முற்பட்டது. 1939 செப்டம்பர் 1-ஆம் நாள் குறிக்கப்பட்டது. அன்றே ஜெர்மானியப் படை போலந்தில் புகுந்தது. ஆகவே முதல் விழா போர் முடிந்தபின், 1946 செப்டம்பரில்தான் நடந்தேறியது.

பரிசுகள்

அவ்விழாவில் பெரும்பரிசைப் பதினொரு படங்கள் பகிர்ந்துகொண்டன. அவற்றுள் ஒன்று சேதன் ஆனந்த் இயக்கிய 'நீச்சா நகர்'. 1955-இல் 'தங்கப் பனை' விருது ஏற்பட்டது. அதனை முதலில் பெற்றது அமெரிக்கப் படமான 'மார்ட்டி'. 1968-இல் மாணவர், தொழிலாளர் போராட்டத்துக்கு ஆதரவாகக் கோதார், திரூபோ முதலிய இயக்குநர்கள் குரலெழுப்ப, விழா இடையிலேயே நின்றது, எவருக்கும் பரிசில்லை. 1978-இல் அறிமுக இயக்குநர்களுக்கெனத் 'தங்கக் காமிரா' விருது தோன்றியது. மீரா நாயரின் 'சலாம் பாம்பே' 1988-லும், முரளி நாயரின் மலையாளப் படமான 'மரண சிம்மாசனம்' 1999-லும் அதனைப் பெற்றன. 2024-இல் பாயல் கபாடியாவின் படம், தங்கப் பனைக்கு அடுத்த நிலையிலுள்ள பெரும்பரிசை வென்றது.

பயன்

இரு படங்களை ஒப்புநோக்குவோம். 'நீச்சா நகர்' உலக அரங்கில் பரிசு பெற்றும், நம் நாட்டுத் திரையரங்குகளில் பரவலாக ஓடவில்லை. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1956-இல் கானில் நள்ளிரவில் திரையிடப்பட்டது. நடுவர் பலர் வரவில்லை. விமரிசகர் சிலர் வற்புறுத்தவே மீண்டும் திரையிடப்பட்டு, 'சிறந்த மனித ஆவணம்' என்ற பரிசைப் பெற்றது. அதன்பின் ராயின் பெயர் உலகெங்கும் பரவியது.

முன்னதற்குப் பரிசு இருந்தும் பார்ப்பவர் இல்லை. பின்னதற்கோ, பார்த்தே தீர வேண்டும் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். பரிசு பிறகு வந்தது. எனவே, நல்ல படத்தைத் தேடிப் பார்ப்பதும், பார்த்ததைப் பிறரிடம் எடுத்துரைப்பதும் நடுவர்க்கு மட்டும் உரிய பணியன்று. மாணவராகிய நமக்கும் உரியதே என்பது என் துணிபு.