முறுக்கு டப்பாவில் ஒரு ஹார்ட் டிஸ்க்

சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “பட்ஜெட் எவ்ளோ சார்?” 2025 நவம்பரில் நான் போனபோது பட்ஜெட்டை யோசித்து வைத்திருக்கவில்லை. சட்டைப் பையில் ஒரு துண்டுச்சீட்டு மட்டும் இருந்தது. போட்டோ, வீடியோ 310 ஜிபி. வீட்டுக் கணக்கு, பத்திர ஸ்கேன், அப்பாவின் எழுத்து எல்லாம் சேர்த்து 9 ஜிபி. பாட்டு, படம் 200 ஜிபி. அதற்குப் பக்கத்தில் ‘போனால் போகட்டும்’ என்று குறித்திருந்தேன். கடைப் பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, “என்ன சார், மளிகை லிஸ்ட் மாதிரி இருக்கு” என்றான்.

மளிகை லிஸ்ட்தான். வீட்டில் என்ன இருக்கிறது என்று டப்பாவைத் திறந்து பார்க்காமல் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நான் பெரிய விலை கொடுத்துக் கற்றவன்.

எங்கள் வீடு முடிச்சூரில். 2015 டிசம்பர் 1 இரவு தண்ணீர் வந்தபோது பத்திரம், மார்க் ஷீட், அம்மாவின் மாத்திரை டப்பா, இவற்றைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்கு ஏறினோம். கம்ப்யூட்டர் கீழே மேஜைக்கடியில் கிடந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. எல்லாவற்றையும் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வைத்திருந்தேனே! அந்த ஹார்ட் டிஸ்க் இருந்த இடம், அதே மேஜையின் கீழ் டிராயர்.

தண்ணீர் வடிந்த பிறகு இரண்டாவது முட்டாள்தனத்தையும் செய்தேன். டிராயரில் இருந்த டிஸ்க்கை மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, இன்னொருவர் லேப்டாப்பில் செருகினேன். ஒரு கருகல் வாசனை வந்தது, அத்தோடு சரி. தரவு மீட்பவர் பிறகு சொன்னார்: நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் காட்டவே கூடாது, காயவைக்கவும் கூடாது. காய்ந்தால் உள்ளே போன சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி அப்படியே எடுத்து வர வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இருந்த டிஸ்க்கை நான் தொடாமல் விட்டதால் அதிலிருந்து பாதி கிடைத்தது. 22,000 ரூபாய். மகளின் மழலைப் பேச்சு வீடியோக்கள் எல்லாம் கிடைக்காத பாதியில் போயின.

அப்பாவின் எழுத்து பிழைத்ததற்கு நான் காரணமில்லை. ஊர்க்கதைகளை அவரே தட்டச்சு செய்து, 2006இல் ஒரு சிடியில் பதிந்து திருச்சியில் இருக்கும் என் தங்கச்சியிடம் கொடுத்திருந்தார். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்திருக்கிறது. சிடியைப் போட்டுத் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கல். அவர் அடித்தது பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அது தமிழே இல்லை. என்.எச்.எம். கன்வர்ட்டர் கொண்டு யூனிகோடுக்கு மாற்றினேன். மூலக் கோப்பு, யூனிகோடுப் பிரதி, ஒரு பிடிஎஃப், பாமினி எழுத்துருக் கோப்பு என நான்கையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு முன் தமிழில் தட்டச்சு செய்தவர்கள் யார் வீட்டில் இருந்தாலும் இந்த வேலையை இப்போதே முடித்துவிடுவது நல்லது. கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாமல் போவது தனி வேதனை.

கடைக்கு வருகிறேன். வெள்ளத்துக்குப் பிறகு வாங்கிய ஆறாம் தலைமுறை ஐ3 பத்து வருஷம் உழைத்தது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால், இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அநேகமாகக் கிடையாது. இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட்டை நீட்டிக்கும் வழி இருந்தது. வங்கி வேலையெல்லாம் அதில் நடப்பதால் நான் இழுத்துப் பிடிக்க விரும்பவில்லை.

பக்கத்துக் கடையில் ஒருவர் ‘ஐ7 சார், பாதி விலை’ என்று ஒன்றைக் காட்டினார். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பது வெறும் சாதிப்பெயர். வயதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண். ஐ7-4770 என்றால் நான்காம் தலைமுறை, 2013இல் வந்தது. ஐ5-12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. அந்த ஐ7ஐ வாங்கினால் நான் எதற்காக வீட்டிலிருந்து கிளம்பினேனோ அதே பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருப்பேன்.

லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவனுக்கு, ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றக்கூடிய பெட்டிதான் சரி. மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைத்தே வருகிறது. பின்னால் கூட்ட முடியாது. 16 ஜிபி ரேம் போதும். அதையும் எட்டு எட்டாக இரண்டு போட்டால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு வேகம் கொஞ்சம் கூடும். ஆர்ஜிபி விளக்கு வேண்டாம் என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மிச்சமான காசில் ஒரு யுபிஎஸ் வாங்கினேன். எங்கள் பகுதி மின்சாரத்துக்கு அதுதான் முதல் உதிரிபாகம். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டேன்; வாரண்டிக்குப் போய் நின்றால் அந்த எண்தான் பேசும்.

டிஸ்க் விஷயத்தில்தான் அரை மணி நேரம் பேசினோம். உள்ளே 1 டிபி எஸ்எஸ்டி. வேகத்துக்கு அதற்கு இணையில்லை. ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் பல சமயம் கடகடவென்று சத்தம் போட்டு நம்மை எச்சரிக்கும்; எஸ்எஸ்டி நேற்றுவரை நன்றாக இருந்து இன்று காலை எழுந்திருக்காது. அதில் அழித்த கோப்பை மீட்பதும் அநேகமாக முடியாத காரியம். அழித்த இடத்தை அதுவே பின்னால் துடைத்துச் சுத்தம் செய்துவிடுகிறது. மின்சாரம் காட்டாமல் வருஷக்கணக்கில் பெட்டியில் போட்டு வைக்கவும் எஸ்எஸ்டி ஏற்றதல்ல. ஆகவே வேலைக்கு எஸ்எஸ்டி, சேமிப்புக்குத் தட்டு சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க், 2 டிபியில் இரண்டு. (வீட்டுக்கு வந்து செருகினால் 1.81 டிபி என்றுதான் காட்டும். கடைக்காரரைத் திட்ட வேண்டாம். தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.)

எதற்கு இரண்டு? பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் 3-2-1 என்று ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. 2015இல் நான் கோட்டைவிட்டது அந்த ஒன்றைத்தான். பெரிய இடங்களும் விட்டிருக்கின்றன. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பைத் திறந்தால் அதுவும் சரியாகப் பதிவாகவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சஸ்மன் என்பவரின் கணினியில் ஒரு பிரதி இருந்திருக்கிறது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். தங்கச்சியின் புடவைக்கு அடியில் கிடந்த சிடி எனக்கு நினைவுக்கு வந்தது.

இப்போது ஒரு டிஸ்க் என்னிடம், ஒன்று திருச்சியில். பொங்கலுக்கு அவள் வருவாள், தீபாவளிக்கு நான் போவேன். முறுக்கு டப்பாவில் துணி சுற்றிய டிஸ்க் போகும். அதே டப்பாவில் அதிரசத்தோடு பழையது திரும்பும். எங்கள் வீட்டில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற பழக்கம் கிடையாது. இடைப்பட்ட மாதங்களுக்கு முக்கியமான 9 ஜிபி மட்டும் கிளவுடில் இருக்கிறது.

கிளவுட் மட்டும் போதாதா என்று மனைவி கேட்டாள். போன் நிரம்பிவிட்டது என்று போட்டோக்களை அழித்தவளும் அவள்தான். போனில் அழித்தது கிளவுடிலும் அழிந்தது. இரண்டும் ஒத்திசைந்து இயங்குகின்றன. இங்கே கிழித்தால் அங்கேயும் கிழியும். குப்பைத்தொட்டியில் சில வாரம் இருக்கும் என்பதால் அன்று தப்பித்தோம். அதனால்தான் ஹார்ட் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுகிறேன். செருகியே இருக்கும் டிஸ்க்கை, மின்னலும் பூட்டிப் பணம் பறிக்கும் வைரஸும் கம்ப்யூட்டரோடு சேர்த்தே கொண்டுபோகும்.

மாதம் ஒருமுறை நகல் எடுத்ததும், கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கோப்புகளைத் திறந்து பார்க்கிறேன். கடந்த மார்ச்சில் ஒரு வீடியோ திறக்கவில்லை. நல்லவேளை, திருச்சி டிஸ்க்கில் திறந்தது.

புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு வருகிறது. மதர்போர்டை மாற்றினால் 48 இலக்கத் திறவுஎண் ஒன்றைக் கேட்கும். அதை அச்செடுத்து ரேஷன் கார்டு ஃபைலில் வைத்தேன். பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி, நோட்டு இருக்கும் இடத்தை மகளிடம் சொல்லியிருக்கிறேன். பழைய ஐ3இல் லினக்ஸ் மின்ட் போட்டாயிற்று. அம்மா அதில் கோயில் கும்பாபிஷேகங்களைப் பார்க்கிறாள்.

அப்பாவின் சிடியில் ‘கணக்கு 2003’ என்று ஒரு எக்செல் கோப்பு இருக்கிறது. அது பாஸ்வேர்டு கேட்கிறது. அம்மா பெயர், ஊர்ப் பெயர், அவருடைய ஸ்கூட்டர் நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். “அந்தக் காலத்து எக்செல் பூட்டு ரொம்ப லேசு மாமா, உடைச்சுத் தரட்டுமா?” என்கிறான் தங்கச்சி மகன். இன்னும் சரி என்று சொல்லவில்லை. புதிய கம்ப்யூட்டருக்கும் இரண்டு டிஸ்க்குக்கும் அதை அப்படியே நகலெடுத்து வைத்திருக்கிறேன்.