புக்மார்க் செய்தால் மட்டும் போதாது

கணினிக்குப் புதியவர்கள் இணையத்தில் நல்ல தகவல் கிடைத்ததும் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள். பக்கத்தை புக்மார்க் செய்கிறார்கள், ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்கள், அல்லது சுட்டியைத் தங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள். மூன்றிலுமே வேலை முடிந்த நிறைவு கிடைத்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து அதே தகவல் தேவைப்படும்போதுதான் சிக்கல் தெரிகிறது. புக்மார்க் இருக்கிறது, பக்கம் இல்லை. படம் இருக்கிறது, ஆயிரம் படங்களுக்கு நடுவில் எது என்று தெரியவில்லை. வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்த முடிந்தால் மட்டுமே ஒரு தகவலைச் சேமித்திருக்கிறோம் என்று சொல்ல முடியும் என்பது என் உறுதியான கருத்து. எந்த முறையில் சேமிப்பது என்பதையும் இந்த ஒரு அளவுகோலை வைத்தே முடிவு செய்யலாம்.

“வேண்டும்போது கூகுளில் தேடிக்கொள்ளலாமே, எதற்கு வீண் வேலை?” என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தேடுபொறியால் இன்று இணையத்தில் இருப்பதை மட்டுமே காட்ட முடியும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குள் கிடைக்காமல் போய்விட்டன. லட்சக்கணக்கானோர் பக்கங்கள் வைத்திருந்த யாகூவின் ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. பிறகு படிப்பதற்கென்று கட்டுரைகளைச் சேர்த்துவைக்க உதவிய பாக்கெட் சேவையே 2025 ஜூலையில் நின்றுபோனது. பக்கம் அழியாவிட்டாலும் அதில் உள்ளது மாறலாம். அரசுத் திட்டம் ஒன்றின் வருமான வரம்போ விண்ணப்பத்துக்கான கடைசி நாளோ திருத்தப்பட்டால், முன்பு என்ன இருந்தது என்பதற்கு நம் கையில் சான்று இருக்காது. ஆகவே முகவரியை மட்டும் வைத்துக்கொள்ளாமல் உள்ளடக்கத்தையே நம் கணினிக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்குப் புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. உலாவியில் பக்கம் திறந்திருக்கும்போது கன்ட்ரோல் விசையோடு ‘பி’-யை அழுத்தினால் அச்சிடும் பெட்டி வரும். அங்கே பிரிண்டருக்குப் பதிலாக பிடிஎஃப் ஆகச் சேமிப்பதைத் தேர்ந்தெடுத்தால் படங்களோடும் அட்டவணைகளோடும் முழுப் பக்கமும் ஒரே கோப்பாகிவிடும். பார்த்துப் படிக்க இது போதும். திரும்ப எடுத்துப் பயன்படுத்துவதில் தமிழுக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. பல பிடிஎஃப் கோப்புகளிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிவிழும். எழுத்து சிதைந்தால் கோப்புக்குள் தேடினாலும் சொல் அகப்படாது. ஆகவே முக்கியமான பகுதியைப் பக்கத்திலிருந்தே நேராக நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டி, உரைக் கோப்பாகவும் வைத்துக்கொள்ளுங்கள். சேமிக்கும் பெட்டியின் அடியில் என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அங்கே ஆன்சி என்று இருந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும், பிறகு மீட்க முடியாது. ஏற்கெனவே படமாக மட்டும் இருப்பவற்றை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் எழுத்துகளாகப் பெறலாம். பிழைகள் இருக்கும் என்பதால், மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கோப்பின் முதல் மூன்று வரிகளில் பக்கத்தின் முகவரி, எழுதியவர் அல்லது வெளியிட்ட அமைப்பின் பெயர், நீங்கள் எடுத்த தேதி ஆகிய மூன்றையும் எழுதிவிட வேண்டும். சேமித்த தகவல் பழசாகிவிடுமே என்ற ஆட்சேபத்துக்கு விடை இதில்தான் இருக்கிறது. பழசாகத்தான் செய்யும். பட்டா மாறுதலுக்கான ஆவணங்களின் பட்டியலையோ ஒரு மருந்து பற்றிய எச்சரிக்கையையோ மறுபடி பயன்படுத்துமுன், தேதியைப் பார்த்து, முகவரிக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். தேதியும் மூலமும் இல்லாத தகவலை அப்படிச் சோதிக்க வழியே இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நம்ப முடியாமல் போவதற்கும் இதுவே முக்கியக் காரணம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ‘2025-06-14 பட்டா மாறுதல் ஆவணங்கள்’ என்று ஆண்டை முதலில் போட்டால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். பெயரில் உள்ள சொல்லை வைத்தே தேடி எடுத்துவிடலாம். டவுன்லோட்ஸ் கோப்புறையில் எல்லாவற்றையும் குவிக்காமல் நிலம், உடல்நலம், படிப்பு என்று நாலைந்து கோப்புறைகள் போட்டுக்கொண்டால் போதும். கோப்புறைகள் அளவுக்கு மிஞ்சினால் எதை எங்கே வைத்தோம் என்பதே மறந்துவிடும்.

“இதற்கெல்லாம் இடம் ஏது?” என்று தயங்க வேண்டாம். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுக்கும். அப்படிப் பார்த்தாலும் ஆயிரம் சொல் கட்டுரை ஏறக்குறைய 25 கிலோபைட்தான். கைபேசியில் எடுக்கும் ஒரு படத்தின் இடத்தில் இப்படி நூறு கட்டுரைகள் அடங்கிவிடும். ஆகவே ஒரு பென்டிரைவிலும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். கணினி பழுதானாலும் சேர்த்தது போகாது. பலருக்கும் பயன்படும் பக்கமாக இருந்தால், 1996-இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அதன் முகவரியைக் கொடுத்து அங்கும் ஒரு பிரதியைப் பதியலாம். பின்னாளில் அந்தப் பக்கம் மறைந்துபோனாலும் யாரும் அதைப் பார்க்க முடியும்.

இப்படி எடுத்துவைப்பது திருட்டு ஆகாதா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆய்வுக்குமான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. அதையே நம் பெயரில் வெளியிடுவது தவறு. எழுதியவர் பெயரைப் போட்டாலும் அனுமதியின்றி முழுதாக வெளியிடுவது சரியாகாது. விக்கிப்பீடியாவின் உரையை, மூலத்தைக் குறிப்பிட்டு அதே உரிமத்தின்கீழ் யாரும் பயன்படுத்தலாம். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு கடந்த நூல்கள் பொதுவுடைமை. மற்றவற்றில், படித்து விளங்கிக்கொண்டதை நம் சொற்களில் எழுதி, எங்கே எடுத்தோம் என்று சொல்வதே முறை. கோப்பின் தலையில் எழுதிய மூன்று வரிகள் இங்கேயும் கைகொடுக்கின்றன.

உங்கள் சேமிப்பு தேறுமா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. இணைய இணைப்பை நிறுத்திவிட்டு, போன மாதம் சேமித்த தகவல் ஒன்றைத் தேடிப்பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் அகப்பட்டு, அதை யார் சொன்னது, எப்போது எடுத்தது என்பதும் தெரிந்தால் உங்கள் முறை சரி. இல்லையென்றால் பழைய புக்மார்க்குகளில் உண்மையிலேயே தேவையான பத்தை மட்டும் எடுத்து, அந்தப் பக்கங்கள் திறக்கும்போதே கோப்புகளாக மாற்றிவிடுங்கள்.