பச்சை என்னும் விசேஷணம்

குரும்பலூர்

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமன் அநேக ஆசீர்வாதம்.

ஸ்பானிய மொழியில் 'வெர்தே' என்னும் ஒரே விசேஷணத்துக்குப் பச்சை நிறம், பழுக்காதது, உலராதது, ஆபாசமானது என்று அகராதி அர்த்தங்களை அடுக்கிக்கொண்டே போவதைக் கண்டு, எதை நெட்டுருப்போடுவது என்று சலித்து எழுதியிருந்தாய். இந்த ஊர்ப் பிள்ளை இதற்குச் சலிக்கலாமா? பட்டறையில் காற்றாடக் கிடந்து, தோல் சிவந்து சலசலக்கும் சின்ன வெங்காயத்தைப் பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்ள எடுத்து வைக்கும்போது, பச்சை நிறம் அதில் லவலேசமும் இல்லாதிருந்தும், பச்சை வெங்காயம் என்றுதானே உன் பாட்டி சொல்வாள்! காய்ச்சாத நீர் பச்சைத் தண்ணீர். ஈரம் வற்றாமல் அடுப்பில் புகைவது பச்சை விறகு. பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை உடம்பு. சந்தையில் வாய் கூசாமல் வைகிறவன் பச்சை பச்சையாகப் பேசுகிறான். இவற்றில் ஒன்றுக்கேனும் நீ அகராதியைப் புரட்டியதுண்டா? பக்கத்தில் நின்ற சொல்லே அர்த்தத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. 'கடி' என்னும் உரிச்சொல் ஒன்றுக்கே நன்னூலார் 13 பொருள் சொல்கிறார். ஆயினும் கடிநகர் என்ற இடத்தில் காவலையும் கடிமலர் என்ற இடத்தில் மணத்தையும் கொள்வதில் படித்தவர்களுக்குச் சிரமம் இருந்ததில்லை.

ஸ்பானியர்களுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. அதைக் கண்டு எனக்குச் சற்றுப் பொறாமைதான். இருத்தலைக் குறிக்க அவர்களிடம் 'செர்', 'எஸ்தார்' என இரண்டு வினைகள் இருப்பதால், ஆப்பிளைக் காட்டி 'எஸ் வெர்தே' என்றால் அதன் நிறம் பச்சை என்றும், 'எஸ்தா வெர்தே' என்றால் அது இன்னும் பழுக்கவில்லை என்றும் கேட்கிறவன் அக்கணமே அறிந்துகொள்கிறான். ஆகவே விசேஷணத்தைத் தனியாகக் குறிப்பேட்டில் எழுதாதே. அதனோடு வரும் பெயரையும் வினையையும் சேர்த்தே எழுது.

விறகிலும் விரசப் பேச்சிலும் இரு மொழிகளும் இவ்வளவு ஒத்துப்போகின்றனவே என்று மயங்கி, எல்லா இடத்திலும் பச்சையை வெர்தே ஆக்கிவிடவும் கூடாது. சமைக்காத வெங்காயம் வேண்டுமானால் 'க்ரூதோ' என்னும் வேறு சொல்லைச் சொல்லிக் கேட்க வேண்டும். வெர்தே என்று கேட்டால் தாளோடு கூடிய வெங்காயம் வந்து சேரும். நம் பச்சைப் பொய்யும் அங்கே செல்லாது.

உன் தாத்தா இன்னும் ஊன்றுகோல் இன்றி வரப்பில் நடக்கிறார். அதை அந்நாட்டுச் சிநேகிதர்களுக்கு எழுத நேர்ந்தால், கிழவர் பசுமையாக இருக்கிறார் என்ற எண்ணத்தில் 'வியேஹோ வெர்தே' என்று எழுதிவிடாதே. கிழக் காமுகன் என்று அவர்கள் அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மாமன்