கடைசிக் காய்ப்பை வீணாக்காமல்

தை முடிந்து வெயில் ஏறினால் நம் பழவேற்காட்டு வீட்டுத் தோட்டங்களில் வெண்டையும் கத்தரியும் ஓய்ந்துவிடும். காய் சிறுத்து நார் ஏறும். செடியைப் பிடுங்கி ஆட்டுக்குப் போடுமுன் சற்றுப் பொறுங்கள், தாய்மார்களே. குர்ஆனில் அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141-ஆம் வசனம் அறுவடை நாளில் கொடுக்கவேண்டிய உரிமையையும் வீண்விரயத் தடையையும் சேர்த்தே சொல்கிறது.

முதலில் விதை. நல்ல காயையெல்லாம் சமைத்துவிட்டு, மிஞ்சிய சொத்தையை விதைக்கு விடுகிறோம். அது கூடாது. நோயில்லாமல் நன்கு காய்த்த செடியில் இரண்டு காய்களுக்கு இப்போதே நூல் கட்டி வையுங்கள். வெண்டை செடியிலேயே காய்ந்து பழுப்பாக வேண்டும். கத்தரி மஞ்சளாகப் பழுக்க வேண்டும். மிளகாய் நன்கு சிவக்க வேண்டும். விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து மூடி வைத்தால் ஆடிப்பட்டத்துக்குக் காசு மிச்சம். ஹைபிரிட் விதையில் வந்த செடியென்றால் இந்த உழைப்பே வேண்டாம். அதன் பிள்ளை தாயைப் போல் வராது.

பச்சை மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் இரவு ஊறவைத்துப் பகலில் காயவையுங்கள். மாலையில் மீண்டும் அதே மோரில். மோர் வற்றியபின் நான்கைந்து நாள் வெயில் போதும். இங்கே காற்றில் ஈரம் அதிகம். அஸருக்குப் பிறகு வெளியே விடாதீர்கள். கருவாடு காயும் பாயும் வேண்டாம், வாடை ஏறும். ஒடித்தால் முறிகிற பதம் வந்தபின்தான் டப்பாவில் போடவேண்டும். (நோன்புக் காலத்தில் ஸஹருக்கு மட்டும் இதைத் தொடாதீர்கள், பகலெல்லாம் தாகம்!)

கீரை, மல்லி, புதினா காய்ந்தால் மணம் குன்றும். அவை அன்றன்றே பக்கத்து வீடுகளுக்குப் போகட்டும். ஏரியில் வலை வெறுமையாய் வந்த வீட்டுக்கு முதலில்.